தமிழில் பக்கம் கட்டும்போது வரும் கோளாறுகள்: வெப் டெவலப்மென்ட் மாணவர்களுக்கு, அறிகுறி வாரியாக

வெப் டெவலப்மென்ட் படிப்பில் கொடுக்கும் அசைன்மென்ட்டுகள் எங்கே படித்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தன்னைப் பற்றி ஒரு பக்கம், ஒரு அட்டவணை, ஒரு படிவம், செல்போனுக்கு ஏற்ப மடங்கும் ஒரு பக்கம், ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கணக்கு, வெளியிலிருந்து தரவு எடுத்துக் காட்டும் ஒரு பக்கம், கடைசியில் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி இணைப்பை அனுப்புவது. பாடத்தில் காட்டும் மாதிரியில் ஒரு காபிக் கடையோ பீட்சா கடையோ இருக்கும். நான் அவற்றை விட்டுவிட்டு எங்கள் பக்கத்துச் சரக்கைப் போட்டுச் செய்தேன். பவானி ஜமக்காளத்துக்கு ஒரு பக்கம், ஈரோட்டு மஞ்சளுக்கு ஒரு கணக்கு, கொங்கு ஊர்ப்பெயர்களைத் தேட ஒரு பெட்டி, எல்லாமே தமிழில். பாடத்தின் ஆங்கில மாதிரியில் தலைகாட்டாத கோளாறுகள் அப்போதுதான் வரிசையாக வந்தன. உலாவி எழுத்தை எப்படி வைத்துக்கொள்கிறது, எண்ணை எப்படிப் பார்க்கிறது, கோப்பை எங்கே தேடுகிறது என்பதெல்லாம் எனக்கு விளங்கியது அந்தக் கோளாறுகளைத் துரத்தியபோதுதான். எனக்குப் பின்னால் படிக்கிறவர்களும் முடிந்தவரை சொந்த ஊர்ச் சரக்கைத் தமிழிலேயே போட்டுச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அப்படிச் செய்யும்போது இடையில் நின்றுபோகாமல் இருக்க இது உதவும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை. என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று ஒரே வாக்கியத்தில் நோட்டில் எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்பது அறிகுறி ஆகாது. "பெருக்கினால் சரியாக வருகிறது, கூட்டினால் தப்பாக வருகிறது" என்பது அறிகுறி. அதற்குள்ளேயே பாதிப் பதில் இருக்கும். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

எழுதிய மாற்றம் திரையில் தெரியவில்லை

ஆய்வகத்தில் அதிகம் காதில் விழும் புகார் இதுதான். முதலில் கோப்பு சேமிக்கப்பட்டதா என்று பாருங்கள். நிரல் எழுதும் விஎஸ் கோடில் கோப்புப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தால் இன்னும் சேமிக்கவில்லை என்று பொருள். சேமித்தும் மாறவில்லையா? பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பின் முதல் வரியிலேயே பக்கம் முழுவதற்கும் பளிச்சென்று ஒரு பின்னணி நிறம் கொடுத்துப் பாருங்கள். நிறம் வந்தால் கோப்பு இணைந்திருக்கிறது, தவறு உங்கள் விதியில் இருக்கிறது. விடுபட்ட அடைப்புக்குறி, அரைப்புள்ளி, வகுப்புப் பெயரில் எழுத்து மாற்றம் என்று தேடலாம். நிறம் வரவில்லை என்றால் உலாவிக்கு அந்தக் கோப்பே கிடைக்கவில்லை. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். கோப்புப் பெயருக்கு எதிரே 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்று இருந்தால் பாதை தப்பு. அங்கே எல்லாம் சரியாக இருந்தும் பழைய பக்கமே வந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். உலாவி சேமித்து வைத்திருந்த பழைய நகலை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஜிப் கோப்பைத் திறந்து பார்த்த பிரதி ஒரு கோப்புறையில், திருத்திக்கொண்டிருக்கும் பிரதி வேறொரு கோப்புறையில். உலாவியின் முகவரிப் பட்டையில் இருக்கும் முழுப் பாதையை ஒரு முறை படித்தால் இது தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்து சிதைந்து வருகிறது

இதில் நான்கு வகை உண்டு. நான்குக்கும் காரணம் வேறு வேறு. பார்த்தவுடன் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் அரை மணி நேரம் மிச்சம்.

தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் மாறி மாறி வந்தால் எழுத்து கெடவில்லை, உலாவி தவறாக வாசிக்கிறது. எழுத்தை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அந்த மூன்றையும் உலாவி மூன்று மேலைநாட்டு எழுத்துகளாகப் பிரித்துப் படித்துவிடுகிறது. ஹெட் பகுதியில் கேர்செட் (எழுத்துக் குறிமுறை) யூடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா வரியைச் சேருங்கள். அது கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எனவே ஹெட் திறந்தவுடன் முதல் வரியாக அதைப் போட்டுவிடுவதே நல்லது. தலைப்பைத் தமிழில் எழுதி, நீளமான குறிப்புகளையும் போட்டு, அதற்கெல்லாம் கீழே இந்த வரியைத் தள்ளினால் சில நேரம் காலை வாரும்.

கேள்விக்குறிகள் மட்டும் வந்தால் விஷயம் பெரிது. எழுத்து போய்விட்டது, திரும்ப வராது. கோப்பையோ தரவுத்தளத்தையோ தமிழ் தாங்காத குறிமுறையில் சேமித்திருப்பார்கள். 2019-க்கு முந்தைய விண்டோஸில் நோட்பேட் இயல்பாகத் தமிழ் தாங்காத ஆன்சி முறையில்தான் சேமிக்கும். ஆய்வகத்தில் பழைய கணினி கிடைத்தால் சேமிக்கும் பெட்டியில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்த பிறகே சேமியுங்கள். கேள்விக்குறியாகிப் போன பகுதியை மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

கட்டம் கட்டமாக வந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, அதை வரைய எழுத்துரு இல்லை. எழுத்துருப் பட்டியலில் தமிழ் உள்ள ஒன்றைச் சேர்த்தால் தீர்ந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகவே கிடைக்கிறது.

நான்காவது வகை நம் ஊரில் அடிக்கடி வரும். கடைக்காரர்கள் தங்கள் நோட்டீஸின் மென்பிரதியை அச்சகத்திலிருந்து வாங்கித் தருவார்கள். அதைத் திறந்து நகலெடுத்து ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளே, அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். அந்த எழுத்துருவை உங்கள் பக்கத்தில் இணைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும், தயவுசெய்து செய்யாதீர்கள். தேடுபொறிக்கும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பானுக்கும் அது வெறும் ஆங்கிலக் குப்பையாகவே தெரியும். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்து, ஒரு முறை வாய்விட்டுப் படித்துத் திருத்திவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். ஹெச்டிஎம்எல் திறக்கும் இடத்தில் மொழி தமிழ் என்று குறிப்பிடுவதையும் மறக்க வேண்டாம். திரை வாசிப்பான் எந்த மொழிக் குரலில் படிக்க வேண்டும் என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறது.

செல்போனில் பக்கம் பக்கவாட்டில் இழுபடுகிறது

பக்கம் முழுவதும் சிறுத்து, எழுத்து எறும்பு மாதிரி தெரிந்தால், திரையின் அகலத்தையே பக்கத்தின் அகலமாக எடுக்கச் சொல்லும் வ்யூபோர்ட் மெட்டா வரி விடுபட்டிருக்கும். அது இல்லையென்றால் செல்போன் உலாவி தன்னைச் சுமார் 980 பிக்சல் அகலத் திரையாக நினைத்துக்கொண்டு பக்கத்தைச் சுருக்கிக் காட்டும்.

எழுத்து சரியான அளவில் இருந்தும் பக்கம் வலப்பக்கம் நகர்கிறது என்றால் ஏதோ ஒரு பெட்டி திரையைவிட அகலமாக இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, எல்லா உறுப்புக்கும் சிவப்பில் ஒரு அவுட்லைன் போட்டுப் பாருங்கள். பார்டர் போடாதீர்கள், அது அளவையே மாற்றிவிடும். பெரும்பாலும் அகலம் 100 சதவீதம் என்று கொடுத்து, அதற்கு மேல் பேடிங்கும் (உள்பக்க இடைவெளியும்) கொடுத்த பெட்டிதான் மாட்டும். ஜமக்காளத்தின் அகலத்தைக் கரையோடு சேர்த்து அளப்பதா, கரையை விட்டு அளப்பதா என்ற கேள்விதான் இது. சிஎஸ்எஸ் இயல்பாகக் கரையை விட்டுத்தான் அளக்கும். பாக்ஸ்-சைசிங் என்பதற்கு பார்டர்-பாக்ஸ் என்று கொடுத்தால் கரையோடு சேர்த்து அளக்கும்.

அதுவும் சரியாக இருந்து இன்னும் இழுபட்டால், சொற்களைப் பாருங்கள். பாடத்தின் மாதிரியில் எல்லாம் ஐந்தாறு எழுத்துச் சொற்கள். நாம் தலைப்பில் "கோபிசெட்டிபாளையத்திலிருந்து" என்று பெரிய எழுத்தில் போடுவோம். இடைவெளி இல்லாத சொல்லை உலாவி தானாக உடைக்காது, எனவே அந்த ஒரு சொல்லே பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஓவர்ஃப்ளோ-ராப் என்பதற்கு எனிவேர் என்று கொடுங்கள். தலைப்பு எழுத்தின் அளவைச் செல்போனுக்குக் குறைப்பது அதைவிட நல்லது, உடைந்த சொல் பார்க்க அழகாக இருக்காது. வரிகளுக்கு இடையே 1.2 என்று பாடத்தில் சொல்லிக்கொடுக்கும் உயரமும் தமிழுக்குப் போதாது. மேலே ஈகார விலங்கும் கீழே உகரச் சுழியும் ஒன்றோடொன்று முட்டும். நான் 1.6-க்குக் குறைத்து வைப்பதில்லை.

பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை

எஃப்12 அழுத்தி, பிழைச் செய்திகள் வரும் கன்சோல் பகுதியைத் திறங்கள். சிவப்பில் ஏதாவது இருந்தால் பயப்படாமல் படியுங்கள். தமிழ் வழியில் பள்ளிப்படிப்பு முடித்து வந்த பலர் சிவப்பு வரியைப் பார்த்ததும் சன்னலை மூடிவிடுகிறார்கள். அதில் படிக்க வேண்டியது மூன்றே விஷயம்: என்ன வகைப் பிழை, எந்தப் பெயர், எந்த வரி எண். மற்றதை விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப வருபவை சிலதான். "இஸ் நாட் டிஃபைன்ட்" என்றால் அந்தப் பெயரில் எதுவும் இல்லை, எழுத்துப் பிழையைத் தேடுங்கள். "இஸ் நாட் எ ஃபங்ஷன்" என்றால் பெயர் இருக்கிறது, அது செயற்கூறு இல்லை. "கெனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் நல்" என்றால் பக்கத்தில் ஒன்றைத் தேடினீர்கள், அது கிடைக்கவில்லை, கிடைக்காததன்மேல் வேலை செய்யப் பார்த்தீர்கள்.

அந்த மூன்றாவதுக்குக் காரணம் இரண்டில் ஒன்று. ஐடி பெயர் ஒத்துப்போகவில்லை, அல்லது பட்டன் உருவாவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது. இரண்டாவதற்கு, ஸ்கிரிப்ட் இணைக்கும் வரியில் டிஃபர் என்று சேர்த்தால் பக்கம் முழுதும் வாசிக்கப்பட்ட பிறகே ஓடும்.

சிவப்பே இல்லாமல், பட்டனை அழுத்தியதும் பக்கம் ஒரு முறை மின்னி, கட்டங்கள் எல்லாம் காலியானால் அது வேறு. படிவத்துக்குள் இருக்கும் பட்டன், வகை எதுவும் சொல்லாவிட்டால் படிவத்தை அனுப்பும் பட்டனாகவே நடந்துகொள்ளும். உங்கள் கணக்கு சரியாகத்தான் ஓடியிருக்கும், விடை வந்த அதே நொடியில் பக்கம் மறுபடி ஏறிவிட்டது. பட்டனின் வகையைப் பட்டன் என்றே குறிப்பிடுங்கள், அல்லது படிவம் அனுப்பப்படும் நிகழ்வில், அனுப்புவதைத் தடுக்கும் பிரிவென்ட் டிஃபால்ட் சேருங்கள்.

பெருக்கல் சரி, கூட்டல் தப்பு

மஞ்சள் கணக்கை வைத்துச் சொல்கிறேன். ஈரோட்டில் மஞ்சளுக்குக் குவிண்டால் கணக்கில்தான் விலை, விரலிக்குத் தனி, கிழங்குக்குத் தனி. எத்தனை குவிண்டால், என்ன விலை, வண்டி வாடகை என்று மூன்று கட்டம் வைத்தேன். 4 குவிண்டாலை 12500-ஆல் பெருக்கினால் 50000 சரியாக வந்தது. விலையோடு வாடகையைக் கூட்டிப் பார்க்கையில் 12500-ம் 300-ம் சேர்ந்து 12500300 என்று நின்றது.

கட்டத்திலிருந்து வருவது எப்போதும் எழுத்துச் சரமே, எண் இல்லை. பெருக்கல், வகுத்தல், கழித்தல் குறிகள் சரத்தை எண்ணாக மாற்றிக்கொள்ளும். கூட்டல் குறிக்கு இரண்டு சரங்களை ஒட்டும் வேலையும் இருப்பதால் அது ஒட்டிவிடும். ஆக, பெருக்கல் சரியாக வந்ததே நம்மை ஏமாற்றுகிறது. கட்டத்திலிருந்து எடுக்கும் இடத்திலேயே நம்பர் என்ற செயற்கூறு கொண்டு எண்ணாக மாற்றிவிடுங்கள். விடையை இரண்டு தசமத்துக்குச் சுருக்கும் டூஃபிக்ஸ்டு திருப்பித் தருவதும் சரம்தான். அதை மேற்கொண்டு கூட்டினால் அதே கோளாறு மறுபடி வரும். கணக்கெல்லாம் முடிந்து, திரையில் காட்டும் கடைசி நேரத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

விடை வரும் இடத்தில் என்ஏஎன் (எண் இல்லை) என்று வந்தால், எண்ணாக மாற்ற முடியாத ஏதோ உள்ளே போயிருக்கிறது. மண்டியில் கணக்கு எழுதும் என் பெரியப்பாவிடம் பக்கத்தைக் கொடுத்தபோது அவர் இயல்பாக 12,500 என்று அடித்தார். கமா இல்லாமல் அடிக்கச் சொன்னதற்கு, "கமா வெக்காம தொகை எழுதி எனக்குப் பழக்கமில்லியே கண்ணு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தொகையைக் கமாவோடு எழுதுகிறவரை மாற்றச் சொல்வதைவிட, நாம் கமாக்களை நீக்கிவிட்டு எண்ணாக மாற்றுவதே முறை. இதற்கு, சரத்தை முழு எண்ணாக்கும் பார்ஸ்இன்ட் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அது 12,500-இல் கமா வரை படித்து, 12 என்று சத்தமில்லாமல் திருப்பித் தரும். என்ஏஎன் வந்தாலாவது தவறு என்று தெரியும். விடையைக் காட்டும்போது டூலொகேல்ஸ்ட்ரிங்கில் இந்திய வட்டாரத்தைக் கொடுத்தால் 1,25,000 என்று நம் லட்சக் கணக்கிலேயே கமா விழும்.

பைசா வரும் இடத்தில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.30000000000000004 என்று வந்தால் கணினி கெட்டுவிடவில்லை. இரும எண் முறையில் அந்தத் தசமங்களைத் துல்லியமாக எழுத முடியாது. தொகை முழுவதையும் பைசாவாக வைத்து முழு எண்களில் கூட்டி, கடைசியில் 100-ஆல் வகுங்கள்.

திருப்பூர் கிடைக்கிறது, கோவை கிடைக்கவில்லை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். எந்தப் பாடத்திலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

ஊர்ப் பட்டியலில் தேடும் பெட்டி. திருப்பூர், கரூர், பவானி எல்லாம் உடனே கிடைக்கும். கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, கோபி தேடினால் எதுவும் வராது. பட்டியலைக் கண்ணால் பார்த்தால் நான்கும் அங்கேயே இருக்கும். இந்த நான்கு ஊருக்கும் பொதுவாக இருப்பது ஒகர ஓகாரக் கொம்பு. யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாக வைத்திருக்கலாம். ககரத்துக்குப் பின்னால் ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாக. திரையில் இரண்டும் ஒரே உருவம். ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு. விசைப்பலகையில் அடிப்பது பெரும்பாலும் முதல் விதத்தில் வரும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்ததும் பழைய மாற்றியில் போட்டெடுத்ததும் இரண்டாவது விதத்தில் வரக்கூடும்.

உறுதி செய்ய, தேடலில் அடித்த "ஈரோடு", பட்டியலில் உள்ள "ஈரோடு" இரண்டையும் கன்சோலில் தனித்தனியாக ஒட்டி, ஒவ்வொன்றின் நீளத்தையும் கேளுங்கள். ஒன்று 5, இன்னொன்று 6 என்று வரும். தீர்வு ஒரே சொல்: நார்மலைஸ். அது இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கும். தேடும் சொல்லுக்கும் பட்டியலில் உள்ள சொல்லுக்கும், இரண்டு பக்கமும் அதைப் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் தீராது. முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளிகளை ட்ரிம் கொண்டு நீக்குங்கள்.

அதற்கப்புறமும் கிடைக்காதவை இருக்கும். கோவை என்று ஒருவர் அடிப்பார், இன்னொருவர் கோயம்புத்தூர், வேறொருவர் கோயமுத்தூர். கோபிசெட்டிபாளையத்தை முழுதாக அடிப்பவர் யாருமில்லை, உடுமலைப்பேட்டையும் உடுமலைதான். இதற்கு ஒவ்வொரு ஊருக்கும் மாற்றுப் பெயர்களைப் பட்டியலாக நாமே எழுதி வைக்க வேண்டும். எந்தச் செயற்கூறும் இதைச் செய்து தராது. ஊரில் பேச்சு வழக்கு தெரிந்த ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை, இந்த அசைன்மென்ட்டில் எனக்கு மிகவும் பிடித்ததும் இந்தப் பகுதியே.

இதே வேரிலிருந்து வரும் இன்னொரு அறிகுறி, ஊர்ப் பெயர் கட்டத்தில் முழுதாக அடங்காது. அதிகபட்சம் 15 எழுத்து என்று வைத்திருப்பீர்கள். கோபிசெட்டிபாளையம் நம் கணக்கில் 9 எழுத்து. ஒட்டிப் பார்த்தால் "கோபிசெட்டிபாளைய" என்று வெட்டுப்பட்டு நிற்கும். உலாவி உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணுவதில்லை. மெய், உயிர்க்குறி, புள்ளி என்று தனித்தனியாக எண்ணி 17 என்கிறது. பொள்ளாச்சி நமக்கு 5, அதற்கு 10. தமிழ்க் கட்டங்களுக்கு அதிகபட்ச அளவைத் தாராளமாக வையுங்கள். எழுத்து எண்ணிக்கையைத் திரையில் காட்ட வேண்டியிருந்தால் ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்டில் செக்மென்ட்டர் இருக்கிறது, அது நம்மைப் போலவே 5 என்று எண்ணும். 2024-இல் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டதால் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் அதை நம்பிப் பயன்படுத்தலாம்.

அகரவரிசையும் இப்படியே. அந்தியூர், அவிநாசி, அன்னூர் என்பது நம் வரிசை, னகரம் கடைசி. வரிசைப்படுத்தும் சார்ட் (sort) மட்டும் போட்டால் அந்தியூர், அன்னூர், அவிநாசி என்று வரும், ஏனென்றால் யூனிகோடில் நகரத்துக்கு அடுத்த இடத்திலேயே னகரத்தை வைத்திருக்கிறார்கள். லொகேல்கம்பேர் போட்டு, மொழி தமிழ் என்று சொன்னால் வரிசை நேராகும்.

படிவம் நம் பெயரை ஏற்க மறுக்கிறது

பாடத்தில் கொடுக்கும் மாதிரிப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இனிஷியலும் ஒரு பெயரும். கடைசிப் பெயர் கட்டத்தில் "க" என்று அடித்தால் சிவப்பு. இது நிரல் பிழை இல்லை, வடிவமைப்புப் பிழை. முழுப்பெயர் என்று ஒரே கட்டம் வைத்துவிடுங்கள்.

பெயரில் எழுத்து மட்டுமே வரலாம் என்று சோதிக்கும் விதியும் தமிழை மறுக்கும். ஏ முதல் இசட் வரை என்று எழுதியிருந்தால் காரணம் வெளிப்படை. எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூனிகோடு விதியாக மாற்றினாலும் "கமல" போகும், "கமலா" போகாது. உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து என்ற வகையில் இல்லை, குறி என்ற வகையில் இருக்கின்றன. விதியில் இரண்டு வகையையும், கூடவே இடைவெளியையும் இனிஷியலின் புள்ளியையும் சேருங்கள்.

தேதி ஒரு நாளோ ஒரு மாதமோ தள்ளி நிற்கிறது

மாதம் தள்ளினால், ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி 0 என்பதை நினைவில் கொள்ளுங்கள். கிழமைக்கு ஞாயிறு 0. நாள் ஒன்று முந்தி வந்தால் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் போட்டிருப்பீர்கள். அது உலகப் பொது நேரத்தில் எழுதும், நம் நள்ளிரவு அங்கே முந்தின நாள் மாலை 6:30. நாளும் மாதமும் ஆண்டும் தனித்தனியாக எடுத்துச் சேர்த்து எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

வீடியோவில் எல்லாம் புரிகிறது, தனியே உட்கார்ந்தால் கை ஓடவில்லை

இது பக்கத்தின் கோளாறு இல்லை, படிக்கும் முறையின் கோளாறு, இதற்கும் வழி உண்டு. பார்த்த பாடத்தை மூடிவிட்டு, காலிக் கோப்பில் அதையே வேறு சரக்குக்குச் செய்யுங்கள். அங்கே காபி விலைப் பட்டியல் என்றால் இங்கே சென்னிமலைப் போர்வைக்கு. தலைப்பு வேறு, வரிசை வேறு, சொல் நீளம் வேறு என்பதால் நகலெடுக்க முடியாது, யோசித்துத்தான் ஆக வேண்டும். மாட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் பாடத்தைத் திறந்து, அந்த ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

ஏஐ எழுதிக் கொடுத்த நிரல் ஓடுகிறது, வைவாவில் கேட்டால் பதில் வரவில்லை என்பதும் இதில் சேரும். அந்த நிரலில் ஒரு வரியை நீக்குங்கள், என்ன கெடும் என்று முதலில் எழுதி வையுங்கள், அப்புறம் ஓட்டிப் பாருங்கள். நினைத்ததும் நடந்ததும் ஒத்துப்போனால் அந்த வரி உங்களுக்குத் தெரியும். ஒத்துப்போகாத வரிகளைத்தான் படிக்க வேண்டும். நீக்கியும் எதுவும் கெடாத வரிகள் கணிசமாக இருக்கும், அவற்றைத் தூக்கிவிடலாம்.

என் கணினியில் ஓடுகிறது, ஏற்றியபின் ஓடவில்லை

படம் மட்டும் வரவில்லை என்றால் பெயரைப் பாருங்கள். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்டில்லை. ஏற்றும் சர்வர் பெரும்பாலும் லினக்ஸ், அங்கே இரண்டும் வெவ்வேறு கோப்பு. கேமரா தரும் படங்களின் கடைசியில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருக்கும், நீங்கள் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். கோப்புப் பெயர் எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் என்று முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். படத்தின் பாதை சி டிரைவில் தொடங்கினால் அது உங்கள் கணினியில் மட்டுமே இருக்கும் பாதை.

எந்தப் படமும் எந்தக் கோப்பும் வரவில்லை என்றால், பாதையைச் சாய்கோட்டில் தொடங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பக்கத்தை இணையத்தில் ஏற்றும் கிட்ஹப் பேஜஸில் உங்கள் திட்டம் ஒரு துணைக் கோப்புறைக்குள் இருக்கும். சாய்கோட்டில் தொடங்கினால் அதற்கும் வெளியே போய்த் தேடும்.

நேர்மாறாக, ஏற்றினால் ஓடுகிறது, கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் தரவு வரவில்லை என்றாலும் குழம்ப வேண்டாம். ஃபெட்ச் கொண்டு ஜேசன் கோப்பை (தரவு வைத்திருக்கும் கோப்பை) எடுக்கும்போது, வட்டிலிருந்து நேரடியாகத் திறந்த பக்கத்துக்கு உலாவி அனுமதி தராது. விஎஸ் கோடில் லைவ் சர்வர் நீட்சியைப் போட்டு அதன் வழியே திறங்கள்.

படம் வருகிறது, ஆனால் மெதுவாக என்றால் செல்போனில் எடுத்ததை அப்படியே போட்டிருப்பீர்கள். ஒரு படம் பல எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சல் அளவுக்குக் குறைத்து, வெப்பி வடிவில் சேமித்தால் அதன் ஒரு சிறு பங்குதான் ஆகும். அந்தியூர் மலைப்பக்கம் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் இடங்கள் இருக்கின்றன, அங்கே இருப்பவருக்கும் நம் பக்கம் திறக்க வேண்டும்.

நிரலின் பிரதிகளைப் பதிவு செய்து வைக்கும் கிட்டில், வெளி நிரல்கள் இருக்கும் நோடு மாட்யூல்ஸ் கோப்புறையை ஏற்ற வேண்டாம், எதை விட வேண்டும் என்று சொல்லும் கிட்இக்னோர் கோப்பில் முதல் வரியாக அதைச் சேருங்கள். வெளித் தரவுக்கான ரகசியச் சாவியைத் தெரியாமல் ஏற்றிவிட்டால், அந்த வரியை நீக்கி மறுபடி ஏற்றுவது போதாது, கிட் பழைய பிரதியையும் வைத்திருக்கும். சாவியைக் கொடுத்த தளத்துக்குப் போய் அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

இணைப்பை ஆசிரியருக்கு அனுப்புமுன், வேறொருவர் செல்போனில், உங்கள் கணக்கில் நுழையாத உலாவியில் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவில் திறப்பது இன்னும் நல்லது. ஊர்ப் பெயரைத் தேடச் சொல்லுங்கள், தொகையைக் கமாவோடு அடிக்கச் சொல்லுங்கள். ஏதாவது நின்றால் அதை ஒரே வாக்கியத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு, மேலே உள்ள அறிகுறிகளில் எது என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள்.